அடுப்பு எரியாத வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாமா?

அழகான ஒரு நாடு. காலையில் கடற்கரை, மாலையில் பனி மூடிய தேயிலை மலை என்று இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அந்த நாட்டின் பணம் திடீரென்று மதிப்பிழக்கிறது. நம் ரிங்கிட்டுக்கும் சிங்கப்பூர் வெள்ளிக்கும் முன்பு கிடைத்ததைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் கிடைக்கிறது. அதே வேளையில் அந்நாட்டு மக்கள் பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நிற்கிறார்கள். இந்த நேரத்தில் அங்கே விடுமுறைக்குப் போவது சரியா?

2022ஆம் ஆண்டில் இலங்கைக்குப் பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. "நம் பணம் அவர்களுக்கு உதவும், போகத்தான் வேண்டும்" என்றார்கள் சிலர். "கஷ்டப்படுகிறவர்களின் வாயிலிருப்பதைப் பிடுங்கித் தின்பதற்குச் சமம்" என்றார்கள் வேறு சிலர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. எது எப்போது பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்த நாட்டில் என்னதான் நடந்தது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் நெருக்கடி அங்கே முடிந்துவிட்டாலும், நாளை வேறொரு நாட்டைப் பற்றி இதே கேள்வி நம் வீட்டுக்கு வரக்கூடும்.

டாலர் எங்கே போனது?

இலங்கைக்கு டாலர் வருவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன. ஆடை, தேயிலை போன்ற ஏற்றுமதி ஒன்று. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் இரண்டு. சுற்றுலா மூன்று. 2018இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். சுற்றுலா வருமானம் சுமார் 4.4 பில்லியன் அமெரிக்க டாலர். இது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஓர் ஒப்பீடு: 2021ஆம் ஆண்டு முழுவதும் அந்நாடு எரிபொருள் இறக்குமதிக்குச் செலவிட்டது சுமார் 3.7 பில்லியன் டாலர்தான். அதாவது நல்ல காலத்தில் சுற்றுப்பயணிகளின் பணம் மட்டுமே நாட்டின் எண்ணெய்க் கணக்கை அடைத்துவிடும்.

அந்த ஊற்று அடுத்தடுத்து இரண்டு முறை அடைபட்டது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பயணிகள் விலகிப் போனார்கள். மறு ஆண்டு கொரோனா வந்தது. 2021இல் வந்த பயணிகள் இரண்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. வருமானம் அரை பில்லியன் டாலர் அளவுக்குச் சுருங்கியது.

இதற்கிடையே அரசு எடுத்த சில முடிவுகளும் நிலைமையை மோசமாக்கின. 2019 இறுதியில் வரிகள் பெருமளவில் குறைக்கப்பட்டன. மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. அரசுக்கு வரவு குறைந்தது. 2021இல் இரசாயன உரங்களுக்குத் திடீரென்று தடை விதிக்கப்பட்டது. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலையும் அடி வாங்கியது. தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டாலும் பாதிப்பு நின்றுவிடவில்லை. வெளிநாட்டுக் கடனோ தவணை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில்கூட 500 மில்லியன் டாலர் கடன் பத்திரம் ஒன்றுக்குப் பணம் கட்டப்பட்டது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டாலராக இருந்த நாட்டின் கையிருப்பு கரைந்துகொண்டே போனது. 2022 மே மாதத் தொடக்கத்தில், உடனே எடுத்துச் செலவிடக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டாலருக்கும் குறைவு என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

டாலர் இல்லையென்றால் எண்ணெய்க் கப்பல் சரக்கை இறக்காது. எண்ணெய் இறங்காவிட்டால் மின்நிலையம் ஓடாது, லாரி ஓடாது, மீன்பிடிப் படகு ஓடாது. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. அச்சிடக் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளிப்போயின. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. சுதந்திரம் பெற்ற பிறகு இலங்கைக்கு அப்படி ஒரு நிலை வந்தது அதுவே முதல்முறை.

மலிவு யாருக்கு?

2022 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு சுமார் 200 இலங்கை ரூபாய். மார்ச் 7ஆம் தேதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் ரூபாய் சரிந்தது. மே மாதத்தில் ஒரு டாலருக்கு சுமார் 360 ரூபாய். நம் கணக்கில் சொன்னால், ஒரு ரிங்கிட்டுக்கு 48 ரூபாய் அளவில் கிடைத்த இடத்தில் 80 ரூபாய்க்கும் மேல் கிடைத்தது.

பத்தாயிரம் ரூபாய் வாடகையுள்ள ஒரு தங்கும் அறையை எடுத்துக்கொள்வோம். முன்பு அது 50 டாலர். இப்போது 28 டாலருக்கும் குறைவு. பயணிக்கு ஏறத்தாழப் பாதி விலை. ஆனால் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் சம்பளம் ரூபாயில்தான் வருகிறது. சம்பளம் அப்படியே நிற்க, விலைகள் மட்டும் ஓடின. 2022 ஜனவரியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 177 ரூபாய். ஜூன் கடைசியில் 470 ரூபாய். வீட்டுக்கு வாங்கும் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஏப்ரல் மாதத்தில் 4,860 ரூபாயானது. செப்டம்பரில் பணவீக்கம் 69.8 விழுக்காட்டைத் தொட்டது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 விழுக்காடு. ஓராண்டுக்கு முன் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய மளிகைக்கு இப்போது இரண்டாயிரம் வேண்டும் என்று பொருள்.

நமக்குக் கிடைக்கும் மலிவும் அவர்கள் படும் விலைவாசியும் ஒரே சரிவின் இரண்டு பக்கங்கள். இதை மலேசியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1997ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு டாலருக்கு 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.80ஐயும் தாண்டிச் சரிந்ததை மறக்க முடியுமா? அந்த ஆண்டு செப்டம்பரில் 3.80 என்று நிர்ணயிக்கும் வரை, வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அதே நேரத்தில் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்தவர்களுக்கு எல்லாமே மலிவாகத் தெரிந்தது.

எல்லா நெருக்கடியும் ஒன்றல்ல

பணம் மதிப்பிழந்தால் சுற்றுலா வளரும் என்பது பொதுவான கணக்கு. தாய்லாந்தில் அது பலித்தது. 1997 ஜூலை 2ஆம் தேதி பாட் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டபோது அந்நாடு நிலைகுலைந்தது. ஆனால் 1998இல் அங்கே சென்ற பயணிகள் எண்ணிக்கை கூடியது. மலிவான பாட், பெரிய அளவிலான விளம்பர இயக்கம் இரண்டும் கைகொடுத்தன. கிரேக்கத்தில் 2015 ஜூன் மாதக் கடைசியில் வங்கிகள் மூடப்பட்டன. உள்ளூர் மக்கள் நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. வெளிநாட்டு அட்டைகளுக்கு அந்த வரம்பு இல்லை. அந்த ஆண்டும் கிரேக்கத்துக்குச் சென்ற பயணிகள் கூடவே செய்தார்கள்.

இலங்கையில் நடந்தது வேறு. 2022 மார்ச்சில் 1,06,500 பேர் வந்தார்கள். ரூபாய் சரிந்து, பயணம் மலிவானதற்குப் பின், மே மாதத்தில் வந்தவர்கள் 30,207 பேர் மட்டுமே. காரணம் எளிது. தாய்லாந்திலும் கிரேக்கத்திலும் பணத்துக்குத்தான் நெருக்கடி. பெட்ரோல் நிலையத்தில் பெட்ரோல் இருந்தது, விளக்கு எரிந்தது. இலங்கையில் பொருளே இல்லை. ஜூன் 27ஆம் தேதி வந்த அறிவிப்பின்படி, இரண்டு வாரங்களுக்கு அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் விற்கப்பட்டது. நகரப் பள்ளிகள் மூடப்பட்டன. அரசு ஊழியர்கள் வீட்டில் காய்கறி பயிரிடட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து புறப்பட்ட நீண்டதூர விமானங்கள் சில, திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

ஆகவே நெருக்கடியில் உள்ள ஒரு நாட்டுக்குப் போவதற்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அங்கே இல்லாதது பணமா, பொருளா? பணம் மட்டும் இல்லையென்றால் விருந்தாளியின் பணம் உதவும். பொருளும் இல்லையென்றால், விருந்தாளி இருப்பதில் பங்கு கேட்கும் இன்னொரு ஆளாகிவிடுகிறார்.

வேண்டாம் என்பவர்களின் வாதம்

2022 ஜூலையில் எரிபொருளுக்குப் பங்கீட்டு முறை வந்தது. வண்டியின் எண்ணைப் பதிந்து, கைப்பேசியில் வரும் சதுரக் குறியீட்டைக் காட்டினால் வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர்.

இதை ஒரு முச்சக்கர வண்டி ஓட்டுநரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து லிட்டருக்கு 125 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீட்டர். ஒரே ஒரு பயணியை ஒரு வழி கொண்டுபோய் விட்டால் அந்த வாரத்துப் பெட்ரோல் தீர்ந்துவிடும். மீதி ஆறு நாள்களுக்கு அவர் பிழைப்பு என்ன? பங்கீடு வருவதற்கு முன்போ நிலைமை இன்னும் கொடுமை. இரண்டு நாள், மூன்று நாள் என்று வண்டியிலேயே உறங்கி வரிசையில் நின்றார்கள். வெயிலில் நின்ற இடத்திலேயே உயிரை விட்ட முதியவர்களும் உண்டு.

பெரிய ஹோட்டல்களில் மின்வெட்டு தெரியவில்லை. டீசல் மின்னாக்கி ஓடியது. பக்கத்துக் கிராமம் இருட்டில் இருக்கும்போது இங்கே நீச்சல் குளத்தில் விளக்கு எரிந்தது. அந்த டீசலும் அதே நாட்டின் டீசல்தான். "இப்படி ஓர் உல்லாசம் தேவையா?" என்று மனம் கூசியவர்களைக் குறை சொல்ல முடியாது.

வாருங்கள் என்றவர்களின் வாதம்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர்கள் அந்த மக்கள்தான். அவர்களில் சுற்றுலாவை நம்பி வாழ்ந்தவர்கள் அந்த நாள்களில் ஒரே குரலில் சொன்னது: "வாருங்கள்." வழிகாட்டிகள், சிறு விடுதி நடத்துபவர்கள், அலைச்சறுக்குப் பயிற்சியாளர்கள், படகோட்டிகள் ஆகியோருக்கு 2019 ஏப்ரலில் விழுந்த அடி 2022லும் ஆறவில்லை. பெட்ரோல் இல்லாத கஷ்டத்தோடு, வருமானமும் இல்லாத கஷ்டம் சேர்ந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி இலங்கையில் வறுமை 2021இல் 13.1 விழுக்காடு, 2022இல் 25 விழுக்காடு. ஓராண்டில் ஏறத்தாழ இரு மடங்கு.

இன்னொரு சம்பவமும் நினைவுகூரத்தக்கது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி இலங்கையில் விளையாடியது. இந்த நேரத்தில் இரவு ஆட்டங்களுக்கு மின்விளக்கு தேவையா என்ற முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் ஜூன் 24ஆம் தேதி கொழும்பில் நடந்த கடைசி ஒருநாள் ஆட்டத்தில் இலங்கை ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரணியின் நிறமான மஞ்சள் சட்டையை அணிந்து வந்து, நன்றிப் பதாகைகளைப் பிடித்து, ஆஸ்திரேலியாவுக்காகக் குரல் எழுப்பினார்கள். எல்லாரும் ஒதுங்கிய நேரத்தில் வந்தீர்களே என்ற நன்றி அது. பிறகு ஆஸ்திரேலிய வீரர்கள் தங்கள் பரிசுப்பணத்தை இலங்கைக் குழந்தைகளுக்கான யுனிசெஃப் பணிக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியை நடத்தும் வாய்ப்பு நெருக்கடியால் இலங்கையின் கையை விட்டு ஐக்கிய அரபு சிற்றரசுகளுக்குப் போனது. ஓர் ஆட்டம் இடம் மாறும்போது, மைதானத்துக்கு வெளியே கச்சான் விற்பவரின் வியாபாரமும் சேர்ந்தே போய்விடுகிறது.

பணம் எந்த வழியில் போகிறது?

போவது என்று முடிவு செய்தால், அடுத்த கேள்வி நம் பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது. வெளிநாட்டு விமானம், வெளிநாட்டு இணையத்தளத்தில் முன்பதிவு, வெளிநாட்டு நிறுவனத்தின் ஹோட்டல் என்று எல்லாவற்றையும் புறப்படும் முன்பே கட்டிவிட்டால், அதில் ஒரு பகுதி அந்த நாட்டுக்குள் நுழைவதே இல்லை. உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதி, உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடை, உள்ளூர் வழிகாட்டி என்று செலவிட்டால் பணம் அந்த ஊரிலேயே சுற்றும். சிகிரியாபோன்ற இடங்களில் வெளிநாட்டவருக்கு உள்ளூர் மக்களைவிடப் பல மடங்கு நுழைவுக் கட்டணம், அதுவும் டாலர் கணக்கில். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். அந்தக் கட்டணம் அந்நாட்டுக்குத் தேவையான அந்நியச் செலாவணி என்று நினைத்தால் மனம் ஆறும்.

பணம் மாற்றும் இடத்திலும் கவனம் வேண்டும். 2021 கடைசியில் வங்கிகளில் ஒரு டாலருக்கு சுமார் 200 ரூபாய்தான் கொடுத்தார்கள். வெளிச்சந்தையில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இதனால் வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் பலர் வங்கியை விட்டு 'உண்டியல்' வழியை நாடினார்கள். இந்த முறையில் டாலர் வெளிநாட்டிலேயே ஒருவர் கைக்குப் போய்விடும். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ரூபாய் மட்டும் கிடைக்கும். குடும்பத்துக்கு நட்டமில்லை, ஆனால் எண்ணெய் வாங்க வங்கிக்கு டாலர் வராது. 2020இல் 7.1 பில்லியன் டாலராக இருந்த வங்கி வழிப் பணம் 2022இல் 3.8 பில்லியனாகச் சரிந்தது. வெளிநாட்டில் உழைத்தவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. தங்கள் வியர்வைக்குச் சரியான விலையைத்தான் தேடினார்கள். ஆனால் அதன் விளைவு அவர்கள் வீட்டு வாசலிலேயே பெட்ரோல் வரிசையாக வந்து நின்றது. நான்கு நாள் போகும் பயணியும் அந்த வரிசையை நீட்டலாம், குறைக்கலாம். வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றுவது ஒரு சிறு உதவி. அது சட்டப்படியும் பாதுகாப்பு.

பேரம் பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடுபவர்கள் உண்டு. 2022இல் அந்த நூறு ரூபாய் நமக்கு ஒன்றேகால் ரிங்கிட்கூட இல்லை.

தேயிலை மலையின் மறுபக்கம்

கண்டியிலிருந்து எல்ல வரை மலை இரயிலில் போவது உலகப் புகழ் பெற்ற பயணம். சன்னல் வழியே தேயிலைத் தோட்டங்களையும், எல்லவில் இறங்கிய பிறகு ஒன்பது வளைவுப் பாலத்தையும் படம் பிடிக்காதவர்கள் இல்லை. அந்தப் படங்களில் கூடை சுமந்து நிற்கும் பெண்கள் நம்மவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வெள்ளைக்காரர்களால் தோட்ட வேலைக்குக் கொண்டு போகப்பட்டவர்களின் பிள்ளைகள். அதே காலத்தில், அதே ஊர்களிலிருந்து கப்பலேறி மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இதைப் படிப்பவர்களில் பலர்.

2021இல் அவர்களின் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின் கிடைத்த உயர்வு. அன்றைய மதிப்பில் அது 5 டாலர். 2022 நடுவில் அதே ஆயிரம் ரூபாய் 2.80 டாலருக்கும் கீழே போனது. ஒரு நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்தால் இரண்டு லிட்டர் பெட்ரோல் வாங்கலாம், அவ்வளவுதான். தோட்டத்து வீடுகளில் வயிற்றை நிரப்புவது கோதுமை மாவு ரொட்டி. அந்த மாவின் விலை இரு மடங்குக்கும் மேல் ஏறியது. தோட்டத்தைப் படம் எடுப்பதற்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும், எடுத்த பிறகு கையில் ஏதாவது கொடுப்பதும் மரியாதை. அங்கிருக்கும் பள்ளிகளுக்குப் பயிற்சிப் புத்தகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நல்லது. காகிதத்துக்கே பஞ்சம் வந்த நாடல்லவா அது.

தமிழ்நாடும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2022 மே 18ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட முதல் கப்பலில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் மருந்துகளும் சென்றன. இலங்கை மக்கள் அனைவருக்குமான உதவி அது.

உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் உறவுள்ள குடும்பங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிறைய உண்டு. அவர்களுக்கு இலங்கைப் பயணம் என்பது நல்லூர்த் திருவிழா, அத்தை வீடு, பழைய கிணற்றடி. ஹோட்டலில் தங்குபவரைவிட உறவினர் வீட்டில் தங்குபவர்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஹோட்டல் விலையைச் சொல்லிவிடும். அத்தை சொல்லமாட்டார்.

வடக்கு மக்களுக்குத் தட்டுப்பாடு புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஜாம் போத்தலில் திரிபோட்ட விளக்கில் படித்த தலைமுறை அது. 2022இல் நாடே சைக்கிளுக்குத் திரும்பியபோது யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு அதில் பெரிய வியப்பில்லை. ஆனால் பழக்கப்பட்டவர்கள் என்பதால் கஷ்டம் குறைந்துவிடாது. மீனவர்கள் படகுக்கு மண்ணெண்ணெய் இன்றிக் கரையிலேயே நின்றார்கள். 87 ரூபாயாக இருந்த ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாயானது. மீன் விலையும் அதற்கேற்ப ஏறியது.

அப்படிப்பட்ட நேரத்தில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? எப்படியாவது கணவாய்க் கறி வைப்பார்கள். எப்படியாவது விமான நிலையத்துக்கு வண்டி பிடிப்பார்கள். சிலிண்டர் முடியப் போவதை வாய்திறந்து சொல்லமாட்டார்கள். விருந்தோம்பல் நம் இரத்தத்தில் ஊறியது. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். எனவே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது விருந்தாளியின் கடமை. விருந்து முடிந்து கிளம்பும்போது காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். போன முதல் நாளே கடைக்குப் போய் அரிசி, பால்மா, சிலிண்டர் என்று வாங்கிப் போட்டுவிட்டால் மறுக்க முடியாது.

மருந்து கொண்டுபோவதிலும் முறை இருக்கிறது. 2022இல் இலங்கை மருத்துவமனைகளில் மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு. நல்லெண்ணத்தில் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை அள்ளிக்கொண்டு போவதால் பயனில்லை. காலாவதித் தேதி, மருந்தின் பெயர், யாருக்குத் தேவை என்பதை அங்குள்ள மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் போக வேண்டும். தங்களுக்கு வேண்டிய மருந்தை, தங்கும் நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாகவே எடுத்துச் செல்வது நல்லது. இல்லாவிட்டால் அங்கே இருக்கும் ஒரு நோயாளியின் பங்கை நாம் வாங்கிவிடுவோம்.

எப்போது தள்ளிப்போட வேண்டும்?

எந்த நேரத்திலும் போகலாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022இல் போகாமல் இருந்ததே சரி என்று சொல்லத்தக்க நாள்கள் இருந்தன. மே 9ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் அமைதியாகப் போராடியவர்கள் தாக்கப்பட்டதும் நாடு முழுவதும் வன்முறை வெடித்தது. பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். ஜூலை 9ஆம் தேதி மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். அதிபர் கோத்தபாய ராஜபக்ச மாலத்தீவுக்குப் பறந்து, 14ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்து, அங்கிருந்தே பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். ஊரடங்கு, அவசரநிலை எல்லாம் அமலில் இருந்த நாள்கள் அவை. பயணிகள் யாரையும் மக்கள் எதிரியாகப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த வாரங்களில் ஒரு பயணிக்கு ஏதாவது நேர்ந்தால் ஆம்புலன்ஸ் வண்டியும், மருத்துவமனைப் படுக்கையும், அதற்கான எரிபொருளும் அந்த மக்களிடமிருந்துதான் வர வேண்டும்.

எரிபொருள் பொதுமக்களுக்கே நிறுத்தப்பட்டிருக்கும்போது, மருத்துவமனைகள் அவசர சிகிச்சையை மட்டும் பார்க்கும்போது, ஊரடங்கு அடிக்கடி அறிவிக்கப்படும்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை. தள்ளிப்போடுவது என்றால் ரத்து செய்வதல்ல. முன்பணம் கட்டிய சிறு விடுதிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்காமல், "தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், அந்த இக்கட்டான மாதத்தில் அதுவே அவருக்குப் பெரிய உதவி. வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரை, பயணக் காப்புறுதியின் விதிமுறைகள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

பங்கீடு ஒழுங்கான பிறகு நிலைமை மாறியது. பிரிட்டன் 2022 ஆகஸ்டில் தன் பயண எச்சரிக்கையைத் தளர்த்தியது. செப்டம்பரில், வெளிநாட்டுப் பயணிகள் வெளிநாட்டுப் பணம் கட்டி எரிபொருள் பெறும் தனி அட்டைமுறை வந்தது. பயணி தன் எரிபொருளுக்குத் தானே டாலர் கொண்டுவருகிறார் என்றால் மற்றவர் பங்கு குறைவதில்லை. அதுவரை "வேண்டாம்" என்று சொன்னவர்களின் முக்கியமான காரணம் அத்துடன் பெரிதும் நீங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்தவர்கள் 91,961 பேர்.

மீண்டெழுந்த பிறகு

2023 மார்ச்சில் அனைத்துலகப் பண நிதியம் சுமார் 3 பில்லியன் டாலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு விலையும் இருந்தது: வரிகள் உயர்ந்தன, மின்கட்டணம் ஏறியது. தினசரி மின்வெட்டு 2023 பிப்ரவரியில் நின்றது. எரிபொருள் பங்கீடு அதே ஆண்டு செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. 2023இல் பயணிகள் 14 லட்சத்தைத் தாண்டினார்கள். 2024இல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். 2025இல் 2018ஆம் ஆண்டின் சாதனையும் முறியடிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் வீசிய தித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, மலைநாட்டு இரயில் பாதைகளையும் சிதைத்த பிறகும் பயணிகள் வருவதை நிறுத்தவில்லை.

எண்ணிக்கை மீண்டுவிட்டது என்பதால் வீடுகளும் மீண்டுவிட்டன என்று நினைத்துவிடக்கூடாது. விலை ஏறும் வேகம்தான் குறைந்ததே தவிர, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அடகு வைத்த நகைகளை மீட்க முடியாத குடும்பங்களும், வேலை தேடி வெளிநாடு போன பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் பெற்றோரும் இன்னும் அங்கே உண்டு.

அடுத்த முறை ஏதோ ஓர் அழகான நாட்டின் பணம் சரிந்தது என்ற செய்தி வரும்போது, மலிவுப் பயண விளம்பரங்களும் கூடவே வரும். பயணச்சீட்டை எடுக்கும் முன் அங்கே எரிபொருளும் மருந்தும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லையென்றால் தேதியை மாற்றுங்கள். கிடைக்கிறதென்றால் தயங்காமல் போங்கள். உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கி, வங்கியில் பணம் மாற்றி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த ஊரில் உங்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரிடம் பெட்ரோல் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வரிசையில் அவரோடு அரை மணி நேரம் நிற்க நேர்ந்தால் நில்லுங்கள். அந்த நாட்டைப் பற்றி எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத செய்திகள் அங்கேதான் கிடைக்கும்.